மூன்று மணிக் காப்பியை நிறுத்தினேன், வேலை கூடிவிட்டது (என்று நினைக்கிறேன்)

நாலுவரிநோட்டு | ஏப்ரல் 16

திருச்சியில் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு செய்கிறேன். மருந்து ஆய்வில் சேருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவங்கள் முக்கால்வாசி, நடுநடுவே காப்பீட்டுப் பத்திரங்கள். வார்த்தைக்கு இத்தனை காசு என்று கூலி என்பதால் ஒரு நாளில் எத்தனை வார்த்தை முடித்தேன் என்று நோட்டில் எழுதிவைப்பது பழக்கம். மார்ச் மாதம் படுமோசம். சராசரி 900-ஐத் தாண்டவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் உட்கார்ந்தால் ஒரே வரியை நாலு தடவை படிக்கிறேன், அப்புறம் போனை எடுக்கிறேன், நிமிர்ந்து பார்த்தால் ஐந்தரை.

ஏப்ரல் 1-ஆம் தேதி ஒரு கோபத்தில் மூன்று மணிக் காப்பியை நிறுத்தினேன். காலைக் காப்பியில் கைவைக்கவில்லை, அதை நிறுத்தினால் வீட்டில் என்னோடு யாரும் பேச முடியாது. இரண்டு வாரம் ஆகிறது, சராசரி 1,300 வருகிறது. மத்தியானத் தூக்கக்கலக்கமே இல்லை. இத்தனை வருஷம் எதைக் குடித்தால் கவனம் வரும் என்று நம்பினேனோ அதுதான் கவனத்தைக் கெடுத்திருக்கிறது போல. நீங்களும் செய்துபார்த்துவிட்டு இங்கே சொல்லுங்கள்.

சும்மாஇரு | ஏப்ரல் 16

உட்கார்ந்து வேலையைப் பார்த்தால் வேலை நடக்கும். எங்கள் அப்பா 40 வருஷம் லாரிப் பட்டறை வைத்திருந்தார். நாளைக்கு ஏழு டீ. ஒரு நோட்டும் போட்டதில்லை, சொன்ன தேதிக்கு வண்டி போகாமல் இருந்ததும் இல்லை.

வெயில்காலம் | ஏப்ரல் 16

அண்ணா, நான் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன், டீயை நிறுத்தினால் மார்க் கூடுமா என்று சொல்லுங்கள், நாளையிலிருந்தே நிறுத்திவிடுகிறேன் 😀

சதவீதம் | ஏப்ரல் 17

நாலுவரி தம்பி, கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான், அதனால் கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதல் கேள்வி. காப்பியை ஏன் ஏப்ரல் 1-ல் நிறுத்தினீர்கள்? மார்ச் படுமோசம் என்பதால். ரொம்ப மோசமான ஒரு மாதத்துக்கு அடுத்த மாதம், நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும், கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கும். ஃபிரான்சிஸ் கால்டன் 1886-ல் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் வைத்து இதைத்தான் காட்டினார்: மிக உயரமானவர்களின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடச் சற்றுக் குள்ளமாக, மிகக் குள்ளமானவர்களின் பிள்ளைகள் சற்று உயரமாக. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது மந்திரிக்கப் போனால் மறுநாள் இறங்கத்தான் செய்யும், பெயர் மந்திரித்தவருக்குப் போகும். நாம் எல்லாருமே நொந்துபோன நேரத்தில்தான் புதுப் பழக்கத்தைப் பிடிக்கிறோம், அதனால் எந்தப் பழக்கமும் முதல் இரண்டு வாரம் வேலை செய்கிற மாதிரியே தெரியும்.

இரண்டாவது கேள்வி. மார்ச்சில் என்ன கோப்புகள், ஏப்ரலில் என்ன கோப்புகள்?

நாலுவரிநோட்டு | ஏப்ரல் 17

மேடம், கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள். மார்ச்சில் காப்பீட்டுப் பத்திரங்கள், ஒவ்வொரு வாக்கியமும் முழ நீளம். ஏப்ரலில் வந்தது ஏற்கெனவே நான் செய்த ஒப்புதல் படிவத்தின் திருத்திய பதிப்பு. பாதி வாக்கியம் பழசு, கொஞ்சம் தட்டிக்கொட்டினால் போதும். நோட்டில் அதையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறேன். அப்படியானால் 1,300 என்பது பொய்.

ஆனால் மத்தியானம் தலை தெளிவாக இருக்கிறது என்பது நிஜம் மேடம். அதை எனக்குத் தெரியாதா?

சதவீதம் | ஏப்ரல் 17

தெரியாமலும் இருக்கலாம். தூக்கத்தைப் பற்றிய ஒரு ஆய்வு 2003-ல் வந்தது, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் செய்தது. 14 நாள் இரவு 6 மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். கவனச் சோதனையில் அவர்கள் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போய், கடைசியில் இரண்டு இரவு வரை கண்ணே மூடாதவர்கள் நிலைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் 'எவ்வளவு தூக்கக்கலக்கம்' என்று கேட்டால் கொஞ்சம்தான் என்றார்கள். குடித்தவன் 'நான் ஸ்டெடி' என்பது மாதிரி.

தறிச்சத்தம் | ஏப்ரல் 18

நான் பிளவுஸ் தைக்கிறேன், ஈரோடு பக்கம். எங்களுக்கு எண்ணிக்கையில் ஏமாற்ற முடியாது என்று நினைத்தேன், ஆனால் அண்ணா சொன்ன மாதிரிதான் எனக்கும் நடந்தது. லைனிங் வைத்த பிளவுஸும் ஒன்று, சாதா பிளவுஸும் ஒன்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நாளைக்கு இத்தனை என்று கணக்கு வைத்ததும் என்னை அறியாமலே சாதாவை முதலில் எடுக்கிறேன், லைனிங் துணியெல்லாம் பைக்குள்ளேயே கிடக்கிறது. முகூர்த்தத்துக்கு முன்தினம் ஒரு அக்கா வந்து வாசலில் நின்று சத்தம் போட்ட பிறகுதான் புரிந்தது.

அதற்கு அப்புறம் பிளவுஸை எண்ணுவதை விட்டுவிட்டு, மெஷின் ஓடுகிற நேரத்தை மட்டும் எழுதினேன். ஒவ்வொன்றாக வெட்டித் தைப்பதா, நாலைந்தைச் சேர்த்து வெட்டிவைத்துவிட்டு மொத்தமாகத் தைப்பதா என்று ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் மாற்றிப்பார்த்தேன். சேர்த்து வெட்டினால் நேரம் நன்றாக மிச்சம். ஆனால் அளவுச் சீட்டு மாறிப்போய் இரண்டு ஜாக்கெட்டைப் பிரித்துத் தைத்தேன், அந்த நேரத்தையும் கூட்டினால் மிச்சம் பாதிதான். இப்போது ஒவ்வொரு துணியிலும் அளவுச் சீட்டைக் குண்டூசியால் குத்திவைக்கிறேன்.

சதவீதம் | ஏப்ரல் 18

தறிச்சத்தம், என் வகுப்பில் நீங்கள் இருந்திருக்கவேண்டும். சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் பெயரில் 1975-லிருந்து ஒரு விதி இருக்கிறது. ஒரு அளவையே இலக்காக்கிவிட்டால் அது நல்ல அளவாக இருப்பது நின்றுபோகும் என்பதுதான் சாரம். பைக்குள் கிடந்த லைனிங் துணி அதைவிட நன்றாகச் சொல்லுகிறது.

வெயில்காலம் | ஏப்ரல் 18

மேடம், ஒரு தொழிற்சாலையில் விளக்கைக் கூட்டினாலும் வேலை கூடியது, குறைத்தாலும் கூடியது, யாரோ பார்க்கிறார்கள் என்பதே காரணம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அப்படியென்றால் நோட்டுப் போட்டாலே வேலை கூடிவிடுமா?

சதவீதம் | ஏப்ரல் 18

சிகாகோ பக்கத்தில் ஹாதார்ன் ஆலை, 1924-ல் தொடங்கிய விளக்குச் சோதனை. நானும் 20 வருஷம் வகுப்பில் அப்படியே நடத்தினேன். பிறகு பழைய கணக்குகளைத் தோண்டி எடுத்துப் பார்த்தவர்கள், கதை சொல்லுகிற அளவுக்கு அதில் ஒன்றும் தெளிவாக இல்லை என்றார்கள். எண்ணத் தொடங்கியதும் கொஞ்ச நாளைக்கு ஒழுங்காக இருப்போம், அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் 'எண்ணாத மாதம்', 'எண்ணிய மாதம்' என்று ஒப்பிடக்கூடாது. இரண்டு பக்கமும் எண்ணவேண்டும்.

தம்பி, உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் இப்படிச் செய்யுங்கள். காஃபின் நீக்கிய காப்பித்தூள் கிடைக்கிறது, ஒரு பாக்கெட் வாங்குங்கள். அதையும் உங்கள் வழக்கமான தூளையும் ஒரே மாதிரி இரண்டு டப்பாவில் போட்டு, இரண்டிலும் சிக்கரியைக் கொஞ்சம் தூக்கலாகக் கலக்கச் சொல்லுங்கள். சிக்கரியில் காஃபின் கிடையாது, ருசி வித்தியாசத்தையும் அது மூடிவிடும். 28 சீட்டு, 14-ல் அசல், 14-ல் போலி. வீட்டில் ஒருவர் தினமும் ஒரு சீட்டை எடுத்து, அதன்படி போட்டுத் தந்து, தேதியைச் சீட்டின் பின்னால் எழுதி வேறு டப்பாவில் போடட்டும். நீங்கள் பார்க்கவே கூடாது. காலைக் காப்பி வழக்கம்போல. அதையும் நிறுத்தினால் இரண்டாம் நாளே தலைவலி வந்து எல்லாவற்றையும் குழப்பும்.

எண்ணுவது புது வாக்கியங்களை மட்டும், அதுவும் மத்தியானம் 3-லிருந்து 6 வரை. தினமும் ஆறு மணிக்கு, இன்று குடித்தது அசலா போலியா என்று ஒரு ஊகம் எழுதுங்கள். எந்த எண்ணைப் பார்த்து முடிவு சொல்லப்போகிறீர்கள் என்பதை இன்றே இங்கே எழுதிவிடுங்கள். 28 நாள் கழித்து எழுதினால் செல்லாது.

சும்மாஇரு | ஏப்ரல் 18

ஒரு டம்ளர் காப்பிக்கு இவ்வளவா. சொத்துப் பத்திரம்கூட இதைவிடச் சீக்கிரம் பதிந்துவிடலாம்.

சதவீதம் | ஏப்ரல் 18

இந்தத் துறையே ஒரு கோப்பையிலிருந்து வந்ததுதான் சார் 🙂 இங்கிலாந்தில் ராதாம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில் ஒரு பெண் விஞ்ஞானி, கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா டீயை முதலில் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார். ரொனால்டு ஃபிஷர் எட்டுக் கோப்பையைக் கலைத்து வைத்தார், நாலில் பால் முதலில், நாலில் டீ முதலில். குருட்டாம்போக்கில் எட்டையும் சரியாகப் பிரிக்க 70-ல் ஒரு வாய்ப்புத்தான். 1935-ல் சோதனை வடிவமைப்பு பற்றி அவர் எழுதிய நூலில் இந்தக் கோப்பைகளை வைத்துத்தான் விஷயத்தையே விளக்குகிறார்.

நாலுவரிநோட்டு | ஏப்ரல் 19

சரி மேடம், இறங்கிவிட்டேன். தூள் ஆர்டர் போட்டாயிற்று. டப்பா விஷயத்தை வீட்டுக்காரியிடம் ஒப்படைத்தேன், 'உங்களுக்கு வேறு வேலை இல்லையா' என்றாள், ஆனால் சீட்டை அவளே அழகாக வெட்டிவிட்டாள். என் வாக்கு: மாலை 3 முதல் 6 வரை புது வார்த்தைகளின் சராசரி. போலி நாட்களில் 100 வார்த்தையாவது கூடுதலாக வரவேண்டும், வந்தால்தான் காப்பியை விடுவேன்.

பனிப்பூ | ஏப்ரல் 20

நான் யாழ்ப்பாணம், இப்போது ரொறன்ரோவில் தாதியாக இருக்கிறேன், பாதி மாதம் இரவு வேலை. மத்தியானம் குடிக்கிற கோப்பியின் கெடுதல் மத்தியானத்தில் தெரியாது, இரவில்தான் தெரியும். உடம்பிலிருந்து காஃபின் பாதி குறையவே சராசரியாக ஐந்து மணித்தியாலம் பிடிக்கும், ஆளுக்கு ஆள் கூடக் குறைய இருக்கும். 2013-ல் ஒரு ஆய்வில் படுக்கைக்கு ஆறு மணித்தியாலம் முன்பு 400 மில்லிகிராம் கொடுத்தார்கள், அது பெரிய அளவு, ஒரு டம்ளர் இல்லை. அதற்கே தூக்கம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குறைந்தது. ஆகவே தம்பி, எத்தனை மணிக்குக் கண் அயர்ந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். இன்று குடித்தது நாளைய கணக்கிலும் போய் விழும், அதையும் மேடம் பார்க்கட்டும்.

இன்னொன்று. எனக்குச் சரியானது உங்களுக்குச் சரிவராது. தூக்க ஆராய்ச்சியாளர் நத்தானியேல் கிளைட்மன் 1938-ல் தன் மாணவர் ஒருவரோடு கென்டக்கியில் மாமத் குகைக்குள் போய் 32 நாள் இருந்தார். வெளிச்சம் தெரியாத இடத்தில் நாளை 28 மணித்தியாலமாக நீட்டிப்பார்த்தார்கள். இளைய ஆள் பழகிக்கொண்டார், நாற்பது கடந்த கிளைட்மனுக்குக் கடைசிவரை பழகவே இல்லை. ஒரே குகை, இரண்டு பேர், இரண்டு விடை. எங்கள் வார்டிலும் அப்படித்தான். என்னோடு வேலை செய்கிற பிள்ளை மூன்று இரவு முடித்துவிட்டு ஷொப்பிங் போகிறாள், நான் இரண்டு நாள் பிணம்.

வெயில்காலம் | ஏப்ரல் 27

நானும் ஒன்று செய்கிறேன், காப்பி இல்லை, போன். தினமும் பழைய தாளிலிருந்து 40 கேள்வி. காலையில் காசைச் சுண்டி, தலை விழுந்தால் போன் மேசைமேல் கவிழ்ந்து கிடக்கும், பூ விழுந்தால் பக்கத்து வீட்டு அக்காவிடம். இதுவரை எட்டு நாள். மார்க்கில் வித்தியாசம் இல்லை. நேரத்தில் இருக்கிறது, மேசைமேல் இருந்தால் ஐந்தாறு நிமிஷம் கூட ஆகிறது. குரூப் 4-ல் மூன்று மணி நேரத்துக்கு 200 கேள்வி, ஆறு நிமிஷம் என்பது ஆறேழு கேள்வி. ஆனால் போன் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதை எப்படி மறைப்பது?

சதவீதம் | ஏப்ரல் 27

மறைக்க முடியாது, குலுக்கல் மட்டும் போதும் தம்பி. போன் மேசைமேல் சும்மா இருந்தாலே மூளையின் ஒரு பங்கைத் தின்கிறது என்று 2017-ல் வந்த ஆய்வு பிரபலம், பிறகு செய்துபார்த்த பலருக்கு அப்படி வரவில்லை. அதனால் உங்கள் எட்டு நாளை ஊரெல்லாம் சொல்லவேண்டாம், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அக்காவிடம் கொடுத்துவைக்க ஒரு செலவும் இல்லையே. செலவில்லாத பழக்கத்துக்குக் கொஞ்சம் பலவீனமான சாட்சி போதும். உடம்புக்குள் போகிற விஷயத்துக்குத்தான் நிறையக் கேட்கவேண்டும்.

சும்மாஇரு | ஏப்ரல் 27

உடம்பு என்றதும் ஞாபகம் வந்தது. சேத் ராபர்ட்ஸ் என்று ஒருவர் இருந்தாரே.

பனிப்பூ | ஏப்ரல் 28

இருந்தார். பெர்க்லியில் உளவியல் பேராசிரியர். தன்மேலேயே வருஷக்கணக்காகச் சோதனை செய்து, நிறைய நேரம் நின்றால் நன்றாகத் தூங்குகிறேன் என்பது மாதிரிப் பத்து விஷயங்களை 2004-ல் ஒரு ஆய்விதழில் எழுதினார். பிற்பாடு வெண்ணெய் சாப்பிட்டால் மனக்கணக்கு வேகமாக வருகிறது என்று கண்டு தினமும் சாப்பிட்டார். 2014-ல் மலையேறும்போது விழுந்து இறந்தார், 60 வயது, இதயக் குழாய் அடைப்பு. வெண்ணெய்தான் காரணம் என்று ஒருவரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் அவர் அளந்தது மனக்கணக்கின் வேகத்தை. அது நன்றாகக் கூடிக்கொண்டிருக்கும்போது வேறு ஏதாவது உள்ளே நடந்தால் அந்த நோட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

சும்மாஇரு | ஏப்ரல் 28

சரி, இது நியாயமான பேச்சு.

நாலுவரிநோட்டு | மே 24

28 நாள் முடிந்தது. நடுவில் கரண்ட் போன நாள் இரண்டை விட்டுவிட்டு இரண்டு நாள் கூட்டிக்கொண்டேன் (முன்னாலேயே மேடத்திடம் கேட்டுத்தான்). நேற்று இரவு சீட்டு டப்பாவைத் திறந்தோம். அசல் நாட்களில் சராசரி 540 வார்த்தை, போலி நாட்களில் 525. ஒரு நாளைக்கும் இன்னொரு நாளைக்குமே 250-லிருந்து 800 வரை ஆடுகிறது, அதில் 15 வார்த்தை எந்த மூலைக்கு? அசலா போலியா என்ற ஊகம் 28-க்கு 17 சரி.

கொஞ்சம் ஏமாற்றம்தான். கண்டுபிடித்துவிட்டேன் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியிருந்தேன்.

சதவீதம் | மே 24

28 தடவை காசைச் சுண்டினாலே 17-க்கோ அதற்கு மேலோ வருவது ஆறு பேரில் ஒருவருக்கு நடக்கும். அதனால் உங்கள் நாக்குக்கும் மூளைக்கும் தெரியவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். தூக்க நேரம்?

நாலுவரிநோட்டு | மே 24

அசல் குடித்த இரவுகளில் சராசரி 20 நிமிஷம் தாமதம். பனிப்பூ அக்கா சொன்னது சரியாக இருக்கலாம்.

நாலுவரிநோட்டு | மே 26

நண்பர்களே, ஒரு வாக்குமூலம். என்னுடையது இல்லை, வீட்டுக்காரியுடையது. நேற்று ராத்திரி சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னாள். போன வாரம் போலித் தூள் தீர்ந்துவிட்டதாம். ஆர்டர் போட்டால் நாலு நாள் ஆகும், நானோ சோதனை சோதனை என்று பறக்கிறேன், அதனால் கடைசி ஆறு நாளும் இரண்டு டப்பாவிலும் அசலையே போட்டிருக்கிறாள். ‘சொன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடுமே, பார்க்கக்கூடாது என்றீர்களே’ என்கிறாள்.

உடனே நோட்டை எடுத்து அந்த ஆறு நாளைப் பார்த்தேன். மே 19: 'தலை மந்தம், கண் சொருகுகிறது, சந்தேகமே இல்லாமல் போலி.' மே 20: 'ஆகா, அசல், விரல் தானாக ஓடுகிறது.' மே 22: 'போலி. நாக்கிலேயே தெரிகிறது.' மூன்று நாளும் ஒரே டப்பாத் தூள். எழுதினது என் கையெழுத்துத்தான்.

தறிச்சத்தம் | மே 26

அண்ணா சிரித்துச் சிரித்து ஊசி கையில் குத்திவிட்டது. அண்ணியைத் திட்டாதீர்கள்.

சும்மாஇரு | மே 26

அந்த அம்மாவுக்கு ஒரு பட்டுப் புடவை. இந்த இழையிலேயே உருப்படியான சோதனை அவர் செய்ததுதான்.

சதவீதம் | மே 26

கிண்டல் இல்லை, நிஜம். அந்த ஆறு நாளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், ஆனால் நோட்டிலிருந்து கிழிக்காதீர்கள். மிச்சம் 22 நாளுக்கு என்ன வருகிறது?

நாலுவரிநோட்டு | மே 27

அசல் 530, போலி 535. தலைகீழாகிவிட்டது. ஊகம் 22-க்கு 14.

அப்புறம் மேடம், நோட்டைப் புரட்டும்போது வேறொன்று கண்ணில் பட்டது. 700-க்கு மேல் வந்த நாட்களைப் பார்த்தால் முக்கால்வாசி நாட்களில் அதற்கு முந்தின நாள் ஒரு பத்தியைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருக்கிறேன், பிள்ளையை டியூஷனிலிருந்து கூட்டிவர. முழுசாக முடித்துவிட்டு எழுந்த நாட்களுக்கு மறுநாள் புதுக் கோப்பைத் திறக்கவே மனசு வருவதில்லை, சுற்றிச் சுற்றி வருகிறேன். இதுதான் விஷயமோ?

சதவீதம் | மே 27

இருக்கலாம். ஆனால் எண்களைப் பார்த்த பிறகு கண்ணில் பட்டதை அதே எண்களை வைத்து நிரூபிக்க முடியாது. 28 நாளில் இருபது விஷயம் எழுதியிருக்கிறீர்கள், அதில் ஒன்றிரண்டு தற்செயலாகவே பொருந்திப்போகும். புதுச் சீட்டு வெட்டுங்கள். 14-ல் 'பாதியில் விடு', 14-ல் 'முடித்துவிட்டு எழு'. பிள்ளையைக் கூட்டிவரப் போவது இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும்.

நாலுவரிநோட்டு | மே 27

சீட்டு வெட்டச் சொன்னேன். இந்தத் தடவை தானும் ஒன்று சோதிக்கப்போகிறாளாம், அதை எனக்குச் சொல்லமாட்டாளாம். மூன்று மணிக் காப்பி அசலாகவே வரும் என்று மட்டும் உறுதி வாங்கிக்கொண்டேன்.